கத்தி பிடித்த கை... கிண்டல் பேசிய வாய்!

நக்கல் பண்ணத் தெரியாத ஆள் நம்ம பாலிடெக்னிக்கில் உண்டா நண்பர்களே? ஒர்க் ஷாப்பில் ஃபைலிங் போட்டுக்கொண்டே பக்கத்து வைஸில் நிற்பவனை வாருவதில் ஆரம்பித்து, சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் வரைக்கும் நமக்கு அதுதானே பொழுதுபோக்கு! ஆனால் எது நல்ல நக்கல், எது வெறும் வன்மம் என்று யாராவது கேட்டால் டக்கென்று பதில் வராது. எனக்கும் வந்ததில்லை. ஒரு பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். தொடரின் பெயர் 'மேஷ்'. அதில் வரும் குத்தல் பேச்சும் குறும்பும் எப்படிப்பட்டவை, பதினோரு வருஷத்தில் அவை எப்படி மாறின என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க்காரணம். 'மொபைல் ஆர்மி சர்ஜிகல் ஹாஸ்பிடல்' என்பதன் முதலெழுத்துகள்தான் மேஷ். அதாவது போர்முனைக்குப் பின்னால் கூடாரம் போட்டு, அடிபட்ட சிப்பாய்களுக்கு அங்கேயே ஆபரேஷன் செய்யும் நடமாடும் ஆஸ்பத்திரி. கதை நடப்பது 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில். அந்தப் போரில் உண்மையாகவே டாக்டராக வேலை பார்த்த ஒருவர் ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் 1968-ல் ஒரு நாவல் எழுதினார். 1970-ல் ராபர்ட் ஆல்ட்மன் அதைச் சினிமாவாக எடுத்தார். 1972-ல் சி.பி.எஸ். டெலிவிஷனில் தொடராக வந்தது. மூன்று வருஷம் நடந்த போரைப் பற்றிய தொடர் பதினோரு வருஷம் ஓடியது! மொத்தம் 251 பகுதிகள். 28-2-1983 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியை அமெரிக்காவில் சுமார் பத்தரைக் கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு.

கதாநாயகன் ஹாக்-ஐ பியர்ஸ் என்கிற டாக்டர். ஆலன் ஆல்டா நடித்திருக்கிறார். ஆசைப்பட்டு ராணுவத்துக்கு வந்தவர் இல்லை, கட்டாயமாகப் பிடித்து அனுப்பப்பட்டவர். அவருக்குக் கூட்டாளி முதல் மூன்று வருஷம் ட்ராப்பர் ஜான், அப்புறம் பி.ஜே. ஹனிகட். ஒரே கூடாரத்தில் இவர்களோடு படுக்கை போட்டிருப்பவர் மேஜர் ஃபிராங்க் பர்ன்ஸ். அடி வாங்குகிற ஆள் இவர்தான்.

ஏன் இவர்? இதைக் கவனிக்க வேண்டும். ஃபிராங்க் பதவியில் பெரியவர், தொழிலில் மட்டம். ஹாக்-ஐ வெறும் கேப்டன், கத்தியைக் கையில் எடுத்தால் கெட்டிக்காரர். தளபதி ஊரில் இல்லாவிட்டால் பொறுப்பு ஃபிராங்க்குக்கு வந்துவிடும். வந்த உடனே சட்டம், அணிவகுப்பு, பரிசோதனை என்று எல்லாரையும் பாடாய்ப் படுத்துவார். கோள் மூட்டுவார். பேராசைக்காரர். ஊரில் மனைவியை வைத்துக்கொண்டு இங்கே தலைமை நர்ஸ் மார்கரெட்டோடு ரகசியக் காதல் வேறு. ஆக, ஹாக்-ஐ விடுகிற ஒவ்வொரு அம்பும் கீழேயிருந்து மேலே போகிற அம்பு. மேலே இருப்பவர் மேலதிகாரி என்கிற ஒரே காரணத்துக்காக எதிர்த்துப் பேச முடியாத இடத்தில், நக்கல் ஒன்றுதான் கைவசம் இருக்கிற ஆயுதம். தொடர் தொடங்கிய 1972-ல் அமெரிக்கா வியட்நாமில் இருந்தது. கொரியாவை வைத்துச் சொன்னது யாருக்கு உறைத்தது என்று சொல்லத் தேவையில்லை!

ஃபிராங்க்குக்கு வைத்த பட்டப்பெயரைத் தமிழில் சொல்வதென்றால் 'கீரிப்பிள்ளை மூஞ்சி' என்று சொல்லலாம். ஃபெரட் என்று கீரி மாதிரி ஒரு பிராணி. அந்த நடிகர் லாரி லின்வில் உதட்டைச் சுருக்கிக்கொண்டு முழிக்கும்போது பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். ஆனால் என் கருத்தில் பட்டப்பெயர் வைப்பது நக்கலில் கடைசி ரகம். யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஹாக்-ஐயின் திறமை வேறு இடத்தில் இருக்கிறது. ஃபிராங்க் ஒரு வாக்கியம் பேசினால், அதில் ஒரே ஒரு வார்த்தையை எடுத்துத் திருப்பி அவர் மேலேயே போடுவார். திட்டியது மாதிரியே இருக்காது. ஃபிராங்க் ரெண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் சுருங்குவார். அந்த ரெண்டு நொடிதான் நமக்குச் சிரிப்பு.

விடுதி மாணவர்களுக்குப் பிடித்தமான ஒரு பகுதியைச் சொல்லிவிடுகிறேன். 1974-ல் வந்தது. மெஸ்ஸில் பதினோரு நாளாக ஈரலும் மீனும்தான், மாற்றி மாற்றி. பன்னிரண்டாம் தட்டை முகர்ந்து பார்த்த ஹாக்-ஐக்கு வெறி பிடித்துவிடுகிறது. இதுவரை நதியளவு ஈரலும் கடலளவு மீனும் தின்றாகிவிட்டது என்று கத்தி, வேற ஏதாவது போடு என்று கோஷம் போடுகிறார். மெஸ் மொத்தமும் தட்டைத் தட்டிக்கொண்டு கூடவே கோஷம் போடுகிறது! (நம்ம ஹாஸ்டல் அண்ணன்கள் யாரும் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வார்டன் இந்த மலரைப் படிப்பார்.) அப்புறம் சிகாகோவில் இருக்கிற ஒரு ஓட்டலுக்கு போன் போட்டு, ராணுவ சப்ளை வழியாகவே விலா எலும்புக் கறியைக் கொரியாவுக்கு வரவழைக்கிறார். கறியும் வந்து சேர்கிறது. வாயில் வைக்கப் போகிற நேரத்தில் அடிபட்டவர்களும் வந்து இறங்குகிறார்கள்.

குறும்புகளில் எனக்கு முதல் இடம் பதக்கத் திருட்டுக்குத்தான். அமெரிக்க ராணுவத்தில் 'பர்ப்பிள் ஹார்ட்' என்று ஒரு பதக்கம். எதிரியால் காயம் பட்டவனுக்கு மட்டும் கொடுப்பது. 1973-ல் வந்த ஒரு பகுதியில் ஃபிராங்க்குக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. அதற்கே பதக்கம் கேட்டு எழுதுகிறார், பதக்கமும் வந்துவிடுகிறது. அதே பகுதியில் வயதை ஏமாற்றிப் பட்டாளத்தில் சேர்ந்த ஒரு பையன் சிகிச்சைக்கு வந்திருப்பான். வீரப்பதக்கத்தோடு ஊருக்குப் போய்க் காதலியிடம் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அதே நேரத்தில் ஹாக்-ஐயின் பால்ய நண்பர் ஒருவர் அவர் கையிலேயே ஆபரேஷன் மேஜையில் இறந்துபோகிறார். ஹாக்-ஐ உடனே போய் அந்தப் பையனின் வயது விஷயத்தை அதிகாரிகளிடம் சொல்லி, ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார். பையன் வெறுப்போடு பார்க்கிறான். கிளம்பும்போது அவனுக்கு ஒரு பர்ப்பிள் ஹார்ட் தருகிறார் ஹாக்-ஐ. அது யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இதே விஷயம் 1975-ல் மறுபடி வருகிறது. ஃபிராங்க்கின் கண்ணில் முட்டை ஓட்டுத் துண்டு விழுந்துவிடும். ஆங்கிலத்தில் முட்டை ஓட்டுக்கும் பீரங்கிக் குண்டுக்கும் 'ஷெல்' என்றுதான் பெயர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஷெல் துண்டு பட்டதாக எழுதி இன்னொரு பதக்கம் வாங்கிவிடுகிறார் மனுஷன்! அந்தப் பகுதியில் ஒரு கொரியப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கிறார்கள். தாய் வயிற்றுக்குள் இருக்கும்போதே அந்தக் குழந்தைக்குக் காயம். ஃபிராங்க்கின் பெட்டியிலிருந்து பதக்கத்தை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கிறார் ஹாக்-ஐ. ஒரு வசவு இல்லை, ஒரு நக்கல் வார்த்தை இல்லை. ஆனால் தொடர் முழுவதிலும் ஃபிராங்க்குக்கு விழுந்த பெரிய அடி இதுதான் என்பேன். அவருக்கே தெரியாமல் விழுந்த அடி!

அடுத்தது கேப்டன் டட்டில் கதை. இதுவும் 1973. அநாதை இல்லத்துக்குச் சாமான் வேண்டும். ராணுவ ஸ்டோரில் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. ஹாக்-ஐ, 'கேப்டன் டட்டில்' என்று இல்லாத ஒரு ஆள் பெயரில் கையெழுத்துப் போடுகிறார். காகிதத்தில் பெயர் வந்துவிட்டால் ஆளும் வந்துதானே ஆக வேண்டும்! டட்டிலுக்கு ஃபைல் உண்டாகிறது, சம்பளம் உண்டாகிறது. வேடிக்கை என்னவென்றால் யாரும் "டட்டிலா, அப்படி யாரையும் பார்த்ததில்லையே" என்று சொல்லத் தயாராக இல்லை. தெரியாது என்று சொன்னால் கௌரவக் குறைச்சல். ஃபிராங்க் பொறாமைப்படுகிறார். ஜெனரல் மெடல் கொடுக்கவே நேரில் வந்துவிடுகிறார். இனி தாங்காது என்று, டட்டில் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார், பாராசூட் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார் என்று சொல்லி ஆளை முடித்துவிட்டு, இரங்கல் உரையும் ஆற்றுகிறார் ஹாக்-ஐ. டட்டிலின் சம்பளப் பணம் அநாதை இல்லத்துக்குப் போய்ச் சேர்கிறது. இதில் ஏமாந்தது தனி ஆள் இல்லை, ஒரு முறைமை. ஆளை நம்பாமல் ரப்பர் ஸ்டாம்பை மட்டும் நம்புகிற எந்த ஆபீசிலும் ஒரு டட்டிலை உட்கார வைக்கலாம்.

1974-ல் பங்கு மார்க்கெட் பித்தலாட்டம் ஒன்று. ஒரு விமானக் கம்பெனிப் பங்கு விலை ஏறப்போகிறது என்று பொய்க் கடிதம் எழுதி, ஃபிராங்க் கண்ணில் படுகிற மாதிரி விட்டுவிடுவார்கள். அடுத்தவன் கடிதத்தைப் படிக்கிற குணமும் பணத்தாசையும் ரெண்டும் இருந்தால்தான் இந்தப் பொறியில் விழ முடியும். ஃபிராங்க்குக்கு ரெண்டும் இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் சரி. சரியில்லாததையும் சொல்ல வேண்டும் அல்லவா? 1970-ல் வந்த சினிமாவில் ஒரு காட்சி. மார்கரெட் குளித்துக்கொண்டிருக்கும்போது குளியல் கூடாரத்தின் ஓரத்தைத் தூக்கிவிடுவார்கள். எதிரே நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்து பார்க்கும். அந்தப் பெண் அழுதுகொண்டு தளபதியிடம் போய்க் கத்துவாள், அவரும் கண்டுகொள்ள மாட்டார். படத்தில் அதைச் சிரிப்பாகத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு நம் ஊரில் பெயர் ராகிங். அவளும் மேஜர்தான், ஆனால் அங்கே அடி விழுந்தது அவள் பதவி மேல் இல்லை, உடம்பு மேல்.

டி.வி. தொடரிலும் ஆரம்பத்தில் மார்கரெட்டுக்கு உதட்டைக் குறிக்கிற ஒரு கொச்சையான பட்டப்பெயர் உண்டு. வருஷம் போகப்போக அந்தப் பெயர் தேய்ந்து மறைந்து, வெறும் மார்கரெட் ஆகிவிட்டாள். லோரெட்டா ஸ்விட் அந்தப் பாத்திரத்தை வளர்த்தெடுத்த விதம் அப்படி. 1976-ல் ஒரு பகுதியில், தனக்குக் கீழே வேலை செய்யும் நர்சுகளிடம், நீங்கள் யாராவது ஒரு நாளாவது என்னை ஒரு காப்பி குடிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்களா என்று அவள் வெடிக்கிறாள். அதுவரை எல்லாரும் சிரித்தது யாரைப் பார்த்து என்று அப்போதுதான் உறைக்கும்.

ஃபிராங்க்குக்கும் அப்படி ஒரு காட்சி உண்டு. அதே 1976. மார்கரெட் வேறு ஒருவரை நிச்சயம் செய்துகொண்டு வந்துவிடுகிறாள். ஃபிராங்க் கிறுக்குத்தனமாக என்னென்னவோ செய்துவிட்டு, கடைசியில் அம்மாவுக்கு போன் போடுகிறார். இங்கே தனக்கு ஒரு சிநேகம் இருந்தது என்றும், அது தன்னைப் பிடித்த மாதிரி சும்மா நடித்தது என்றும், அப்பா நடிப்பாரே அந்த மாதிரி என்றும் சொல்கிறார். அவ்வளவுதான். நாலு வருஷமாக நாம் சிரித்த ஆள் ஒரு நிமிஷத்தில் வேறு ஆளாகத் தெரிகிறார். அடுத்த வருஷம் லாரி லின்வில் தொடரை விட்டே போய்விட்டார். அந்தப் பாத்திரத்தில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பது அவர் நினைப்பு. நியாயம்தானே? எந்நேரமும் அடி மட்டும் வாங்குகிற ஆளை வைத்து எத்தனை வருஷம் சிரிக்க முடியும்?

1977-ல் ஃபிராங்க் இடத்துக்கு வந்தவர் சார்லஸ் எமர்சன் வின்செஸ்டர். பாஸ்டன் நகரத்துப் பணக்காரக் குடும்பம், ஹார்வர்டு படிப்பு. சீட்டாட்டத்தில் அவரிடம் தோற்றுக் கடன்பட்ட ஒரு கர்னல், கடனைத் தீர்ப்பதற்குப் பதிலாக ஆளையே போர்முனைக்கு மாற்றிவிட்டார். அதுவே ஒரு குறும்புதான்! டேவிட் ஆக்டன் ஸ்டையர்ஸ் நடித்த இந்த ஆள் ஃபிராங்க் மாதிரி இல்லை. நல்ல டாக்டர், நிறையப் படித்தவர், திருப்பி அடிக்கத் தெரிந்தவர். ஹாக்-ஐ ஒன்று சொன்னால் இவர் அதைவிட நீளமாக, இலக்கணச் சுத்தமாக ஒன்று சொல்வார். ரெண்டு பேரும் சம எடை. குஸ்தியில் பார்க்க நன்றாக இருப்பது அப்படிப்பட்ட ஜோடிதான். அவருடைய பேன்ட்டை வெவ்வேறு அளவு பேன்ட்டாக மாற்றி வைத்து, உடம்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று குழம்ப வைப்பார் பி.ஜே. சின்னப்பிள்ளை விளையாட்டு, சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

சார்லஸே ஆடிய ஆட்டம் ஒன்று 1979-ல். கர்னல் ஃபிளாக் என்று ஒரு உளவுத்துறை ஆள் அடிக்கடி வருவார். யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகம். ஹாக்-ஐயை வேவு பார்க்கச் சொல்லி சார்லஸைக் கேட்கிறார். சரி என்று தலையாட்டிய சார்லஸ், ஒரு ரகசியக் கூட்டம் நடப்பதாகத் துப்புக் கொடுக்கிறார். ஃபிளாக் பாய்ந்து போய்ப் பிடித்தால், அங்கே சீட்டாடிக்கொண்டிருப்பது ஊர் மேயரும் போலீஸ் தலைவரும்!

ஃபிளாக் பெயர் வந்ததால் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1975-ல் வந்த ஒரு பகுதியில் இதே ஃபிளாக் ஆஸ்பத்திரியின் பென்சிலினைத் தூக்கிக்கொண்டு போகப் பார்ப்பார். உளவு வேலைக்கு லஞ்சமாகக் கொடுக்கத்தான். அவரைத் தடுக்க ஹாக்-ஐயும் ட்ராப்பரும் மருந்து கலந்து கொடுத்து, குடல்வால் வீங்கியதாகச் சொல்லி, நல்ல குடல்வாலை அறுத்து எடுத்துவிடுவார்கள். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், கதை முடிகிறது. யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

நாலு வருஷம் கழித்து, 1979-ல், அதே குறும்பு மறுபடி வருகிறது. இந்தத் தடவை ஆள் வேறு. தன் படையில் ஏராளமானவர்களைப் பலி கொடுத்த ஒரு கர்னல், இன்னொரு மலையைப் பிடிக்கிறேன் என்று மேலும் ஆட்களைச் சாக அனுப்பப் போகிறார். அவரைப் படுக்கையில் போட்டுவிட்டால் எத்தனையோ பையன்கள் பிழைப்பார்கள். ஹாக்-ஐக்கு வழி தெரியும். ஏற்கெனவே செய்ததுதானே! ஆனால் பி.ஜே. முடியாது என்கிறார். நோயில்லாத உடம்பில் கத்தி வைக்கிறவன் டாக்டர் இல்லை என்பது அவர் கட்சி. ரெண்டு பேரும் கடுமையாகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஹாக்-ஐ கேட்கவில்லை, தனியாகவே செய்துவிடுகிறார். வெளியே வந்தால் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வருகின்றன. அறிகுறிக்குத்தான் வைத்தியம் செய்தாய், நோய் அப்படியே இருக்கிறது என்கிற மாதிரி பி.ஜே. சொல்வார்.

இதற்குப் பின்னால் ஒரு நிஜக் கதை உண்டு. பி.ஜே.யாக நடித்த மைக் ஃபேரல், என் பாத்திரம் இதைச் செய்யாது என்று மறுத்திருக்கிறார். ஆலன் ஆல்டா ஒத்துக்கொள்ளவில்லை. நடிகர்கள் ரெண்டு பேருக்கும் நடந்த அந்த வாக்குவாதத்தையே கதைக்குள் எழுதிவிட்டார்கள். யார் சொன்னது சரி என்று தொடர் தீர்ப்புச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் நான் பி.ஜே. பக்கம். பதக்கத்தை எடுத்தால் ஃபிராங்க் உடம்பிலிருந்து ஒன்றும் குறையாது. குடல்வாலை எடுத்தால் திருப்பி வைக்க முடியாது. என் அறைத்தோழன் ஹாக்-ஐ கட்சி. நூறு உயிருக்கு ஒரு குடல்வால் பெரிசா என்கிறான். மூன்று நாள் பேசினோம், முடியவில்லை.

சிரிப்பொலி பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து அமெரிக்கத் தொடர்களில் பதிவு செய்த சிரிப்புச் சத்தத்தைச் சேர்ப்பது வழக்கம். லாரி கெல்பர்ட் உள்ளிட்ட தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள், கம்பெனி வேண்டும் என்றது. கடைசியில் ஒரு உடன்பாடு. ஆபரேஷன் அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்புச் சத்தம் கிடையாது. அங்கேயும் ஹாக்-ஐ ஜோக் அடித்துக்கொண்டேதான் இருப்பார். ஆனால் சிரிக்க ஆள் இல்லாமல் அந்த ஜோக்கைக் கேட்டால், அது கை நடுங்காமல் இருப்பதற்காகப் பேசுகிற பேச்சு என்று தெரியும்.

பெண் உடை போட்டுக்கொண்டு திரியும் கிளிங்கரைச் சொல்லாமல் விட்டால் தொடரின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பைத்தியம் என்று சான்றிதழ் வாங்கி ஊருக்கு ஓடிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். ராணுவத்தின் மேலேயே வருஷக்கணக்கில் நடத்திய குறும்பு அது. கடைசியில் போர் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போகும்போது, கல்யாணம் பண்ணிக்கொண்டு கொரியாவிலேயே தங்குகிறவர் அவர்தான்! பிற்காலத்தில் அந்த உடைகள் குறைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நடிகர் ஜேமி ஃபாரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்திருந்தார்கள். அங்கே மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்களே என்பது தகப்பனின் கவலை.

கடைசி வருஷத்துப் பகுதிகள் ரெண்டு. ஒன்றில், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எல்லாரையும் ஏமாற்றிக் காட்டுகிறேன் என்று பி.ஜே. பந்தயம் கட்டுகிறார். ஒவ்வொருத்தராக விழுகிறார்கள். மிச்சம் ஹாக்-ஐ மட்டும். ராத்திரி பூரா தூங்காமல் எங்கேயிருந்து வருமோ என்று பயந்து நடுங்கிக்கொண்டிருக்கிறார். விடிந்ததும்தான் தெரியும், மற்றவர்கள் ஏமாந்ததெல்லாம் நடிப்பு, குறி ஆரம்பத்திலிருந்தே அவர் ஒருவர்தான் என்று. பதினோரு வருஷம் கொடுத்தவர் ஒரு ராத்திரி வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று 1982 டிசம்பரில் வந்தது. திக்குவாய் உள்ள ஒரு சிப்பாய் அடிபட்டு வருகிறான். அவனுடைய கேப்டனும் கூட வந்தவர்களும் அவன் பேசுவதைப் போலவே பேசிக் கேலி செய்கிறார்கள். அவன் மக்கு என்று முடிவே கட்டிவிட்டார்கள். எல்லாரையும் மட்டம் தட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் சார்லஸ் அந்தக் கேப்டனைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குகிறார். தொடரில் அவர் பேசிய எந்த நக்கலிலும் இல்லாத சூடு அதில் இருக்கிறது. பிறகு அந்தப் பையனிடம் உட்கார்ந்து, உனக்கு மூளை இருக்கிறது, படி என்று சொல்லிப் புத்தகம் கொடுக்கிறார். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்தக் காட்சியை ரெண்டு தடவை பார்த்தேன். அப்புறம் சார்லஸ் தனியாகக் கூடாரத்துக்குத் திரும்பி, ஊரிலிருந்து தங்கை பேசி அனுப்பிய ஒலிநாடாவைப் போட்டுக் கேட்கிறார். அந்தத் தங்கைக்கும் திக்குவாய்.

பார்க்க விரும்புகிறவர்கள் முதல் பகுதியிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டியதில்லை. டட்டில் கதையை முதலில் பாருங்கள், அப்புறம் குடல்வால் கதை ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இங்கிலீஷ் வேகம் அதிகம், எழுத்து ஓடுகிற மாதிரி வைத்துக்கொண்டால் பிடிபடும். பார்த்துவிட்டு ஹாக்-ஐ கட்சியா பி.ஜே. கட்சியா என்று எங்கள் அறையில் வந்து சொல்லுங்கள். இப்போதைக்கு ஒன்றுக்கு ஒன்று சமமாக நிற்கிறது.